காரின் ஸ்பார்க் பிளக்குகளை எப்போது மாற்றுவது?

குடும்பத்திற்கென ஒரு மோட்டார்க் கார் வைத்திருப்பது செல்வர்க்கே உரியது என்னும் நிலை மாறிப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. 1983-ஆம் ஆண்டு டிசம்பர் மாதத்தில் மாருதி 800 வெளிவந்தது முதல், ஆசிரியரும் அலுவலகப் பணியாளரும் ஓய்வூதியம் பெறுவோரும் கார் வாங்கத் தொடங்கினர். இன்று திருவனந்தபுரத்தில் கரமனை, பட்டம், கவடியார் ஆகிய எந்தப் பகுதியின் தெருவில் நுழைந்தாலும் வாயிலுக்கொரு கார் நிற்பதைக் காணலாம். ஆனால் கார் பரவிய வேகத்தில் காரைப் பற்றிய அறிவு பரவவில்லை என்பது எனது அபிப்பிராயம். இதற்கு ஸ்பார்க் பிளக் ஒன்றே போதிய சான்றாகும். அதனை எப்போது மாற்ற வேண்டும் என்று பத்துப் பேரைக் கேட்டுப் பாருங்கள். ஐவர், வண்டி ஓடுகிறவரை ஓடட்டும் என்பர். மூவர், சர்வீஸ் செய்பவருக்குத் தெரியும் என்பர். எஞ்சிய இருவரும் தம்முள் மாறுபட்ட இரண்டு கணக்குகளைச் சொல்வர்.

மொழிபெயர்ப்பாளன் என்னும் முறையில் பெயரைப் பற்றி முதலில் ஒரு வார்த்தை. கலைச்சொல் ஆக்குவோர் இதனைத் தீப்பொறிச் செருகி என்பர். குறை சொல்வதற்கில்லாத சொல்தான். ஆயினும் பாறசாலைப் பட்டறையில் நின்று தீப்பொறிச் செருகி வேண்டும் என்றால் நம்மை ஏற இறங்கப் பார்ப்பார்கள். அங்கே மலையாளிக்கும் தமிழருக்கும் அது பிளக்குதான். எனவே இக்கட்டுரையிலும் பிளக் என்றே எழுதுகிறேன்.

சென்ற ஓர் ஐப்பசி மாதத்து ஞாயிற்றுக்கிழமை, சுசீந்திரத்தில் உறவினர் இல்லத் திருமணத்திற்காக என் தாயாரை அழைத்துக்கொண்டு விடியற்காலையில் புறப்பட்டேன். நல்ல மழை. நெய்யாற்றின்கரையைக் கடந்ததும் காரின் கண்ணாடிகள் நடுங்கத் தொடங்கின. மேட்டில் ஏறுகையில் வேகமிதியை எவ்வளவு அழுத்தினும் வண்டிக்கு வலு வரவில்லை. எஞ்சின் குறியுள்ள மஞ்சள் விளக்கு விட்டுவிட்டு எரிந்தது. எழுபத்தெட்டு வயதான தாயாரை வைத்துக்கொண்டு மழையில் நிற்கலாகாதே என்று எண்ணி அப்படியே ஓட்டிச் சென்றேன். அது பெருந்தவறு என்பதைப் பின்னர்தான் அறிந்தேன். பாறசாலையை அடுத்து, சாலையோரத்தில் ஓட்டுக்கூரை வேய்ந்த ஒரு பட்டறை இருந்தது. அங்கிருந்த முதியவர் பிளக்குகள் நான்கையும் கழற்றிப் பழந்துணியின் மீது வரிசையாக வைத்தார். மூன்றாவது பிளக்கின் வெண்பீங்கானில் நூலிழை போல் ஒரு விரிசல் கறுத்துத் தெரிந்தது. நான்கின் முனைகளும் சப்பிப் போட்ட மாங்கொட்டை போல் தேய்ந்து உருண்டிருந்தன.

“சாரே, இது எத்தனை வருஷத்துப் பிளக்கு?” என்று கேட்டார்.

“இரண்டு வருடத்திற்கு முன்தான் மாற்றியது” என்றேன்.

அவர் விவாதம் செய்யவில்லை. ஒன்றை எடுத்து என் உள்ளங்கையில் வைத்துவிட்டு, “மாற்றினது பில்லிலேயா, வண்டியிலேயா?” என்று மட்டும் கேட்டார்.

வீடு திரும்பியபின் பழைய பட்டியலைத் தேடி எடுத்தேன். நான்கு பிளக்குகள், மாற்றுக்கூலி என்று தெளிவாக அச்சாகியிருந்தது. அன்று கழற்றிய பழைய பிளக்குகளைத் தாருங்கள் என்று நான் கேட்டிருக்கவில்லை. கார் வாங்கிய நாள் முதல் அறுபத்தோராயிரம் கிலோமீட்டர் ஓடியவை அவை என்பதே அம்முதியவரின் மதிப்பு. என் கண்ணுக்கும் அப்படித்தான் தோன்றியது. தவறு செய்தவர் யார் என்று நிறுவ என்னிடம் சாட்சியம் இல்லை. சாட்சியத்தை வைத்துக்கொள்ளாததே என் பிழை.

இனி விஷயத்திற்கு வருவோம். பெட்ரோல் எஞ்சினில் பெட்ரோல் ஆவியும் காற்றும் கலந்த கலவை சிலிண்டருக்குள் அழுத்தப்படும்போது, அதனைப் பற்றவைக்க ஒரு மின்பொறி வேண்டும். 1860-இல் லெனுவார் என்பவர் தமது வாயு எஞ்சினிலேயே மின்பொறியைப் பயன்படுத்தினார். எனினும் 1902-இல் ஜெர்மனியில் பாஷ் தொழிற்சாலையைச் சேர்ந்த காட்லோப் ஹோனோல்டு உயர் அழுத்த மின்காந்தக் கருவியையும் அதற்கேற்ற பிளக்கையும் உருவாக்கிய பின்னரே மோட்டார் வண்டிக்கு நம்பத்தக்க பொறி கிடைத்தது. அன்றைய பிளக்கின் அமைப்பு அதிகம் மாறவில்லை. நடுவில் ஒரு மின்வாய், அதைச் சூழ்ந்த அலுமினாப் பீங்கான், அதற்கு வெளியே திருகுமறை கொண்ட இரும்புக் கூடு, கூட்டின் அடியிலிருந்து வளைந்து நிற்கும் மற்றொரு மின்வாய். இரு மின்வாய்களுக்கும் இடையே ஒரு மில்லிமீட்டருக்குச் சற்று முன்பின்னான இடைவெளி. அந்த இடைவெளியைத் தாண்டவே பதினாயிரம் முதல் இருபத்தையாயிரம் வோல்ட் வரையிலும், சிலவேளை அதனினும் கூடுதலாகவும் மின்னழுத்தம் தேவைப்படுகிறது.

இவ்வளவு ஏன் என்பதை ஆசிரியர்கள் வகுப்பில் விளக்கலாம். வாயுவின் அழுத்தத்தையும் இடைவெளியின் நீளத்தையும் பெருக்கிவரும் தொகையைப் பொறுத்தே பொறி தாண்டும் மின்னழுத்தம் அமைகிறது என்று 1889-இல் பாஷென் கண்டறிந்தார். வெளிக்காற்றில் எளிதாகத் தாவும் பொறி, சிலிண்டரின் அழுத்தத்தில் தாவுவதற்குத் திணறும். மேலும் கூரிய விளிம்பிலிருந்து மின்சாரம் எளிதில் பாயும். உருண்ட முனையிலிருந்து அவ்வளவு எளிதில் பாயாது. புதிய பிளக்கின் விளிம்பு கூரானது. ஒவ்வொரு பொறியும் அதிலிருந்து அணுவளவு உலோகத்தைத் தின்றுவிடுகிறது. ஆகவே நாளடைவில் இடைவெளி அகல்கிறது, முனை உருள்கிறது. இரண்டும் ஒரே திசையில் வேலை செய்வதால் மேன்மேலும் உயர்ந்த மின்னழுத்தம் வேண்டியதாகிறது.

அந்தத் தேய்மானத்தின் அளவை ஒரு சிறு கணக்கால் உணரலாம். நான்கு வீச்சு எஞ்சினில் இரண்டு சுழற்சிக்கு ஒரு பொறி. மணிக்கு 60 கிலோமீட்டர் வேகத்தில் எஞ்சின் நிமிடத்திற்கு 2,500 முறை சுழல்வதாகக் கொண்டால், ஒரு கிலோமீட்டருக்கு ஒரு பிளக்கில் 1,250 பொறிகள் எழும். 40,000 கிலோமீட்டருக்கு ஐந்து கோடி. நகரத்தில் கீழ்க் கியரில் ஊர்ந்தால் இத்தொகை இன்னும் கூடும். கிழக்கேக் கோட்டையின் நெரிசலில் எஞ்சினை அணைக்காமல் நின்றால், நிமிடத்திற்கு 800 சுழற்சி வீதம் ஒரு மணி நேரத்தில் 24,000 பொறிகள் எழுந்துவிடும்; கிலோமீட்டர் எண்ணும் கருவியிலோ ஓர் இலக்கமும் நகராது. ஆகவே கிலோமீட்டர்க் கணக்கு முழு உண்மையன்று.

இவ்வளவு தேய்ந்தும் ஓட்டுபவர் ஏன் உணர்வதில்லை? இங்கேதான் நமது மூத்தோர் சொல்லும் விதி நம்மை ஏமாற்றுகிறது. அம்பாசடரும் பிரீமியர் பத்மினியும் சாலையை ஆண்ட காலத்தில் காண்டாக்ட் பாயிண்ட் கொண்ட பொறியமைப்பே இருந்தது. அதன் வலு குறைவு. பிளக் சிறிது தேய்ந்தாலும் காலையில் வண்டி கிளம்ப அடம் பிடிக்கும். ஓட்டுநருக்குச் செய்தி உடனே எட்டிவிடும். போதாக்குறைக்குப் பெட்ரோலில் ஈயம் கலந்திருந்தது. ஈயப்படிவைச் சுரண்டிச் சுத்தம் செய்வதும், பத்தாயிரம் கிலோமீட்டரை ஒட்டிப் பிளக்கை மாற்றுவதும் அன்று அறிவுடைமையாயிருந்தன. 2000-ஆம் ஆண்டு பிப்ரவரி முதல் நாட்டில் ஈயமற்ற பெட்ரோலே விற்கப்படுகிறது. இப்பொழுது பெரும்பாலான கார்களில் ஒவ்வொரு பிளக்கின் தலைமேலும் தனித்தனி காயில் அமர்ந்திருக்கிறது. அதன் வலு மிகுதி. தேய்ந்த பிளக்கிலும் எப்படியோ பொறியைத் தாண்டவைத்துவிடுகிறது. எஞ்சினை ஆளும் கணிப்பொறியும் குறைகளை ஓரளவு மறைத்துவிடுகிறது. உடைமையாளர், வண்டி நன்றாகத்தானே ஓடுகிறது என்கிறார். உண்மையில் காயில் நாள்தோறும் தன் சக்திக்கு மேல் உழைக்கிறது. இறுதியில் ஒரு மழைநாளில், மின்சாரம் இடைவெளியைத் தாண்டுவதைவிடப் பீங்கானின் ஈரப்பக்கத்தில் வழிவதே எளிது என்று கண்டு வேறு வழி தேடிக்கொள்கிறது. நெய்யாற்றின்கரையில் நான் கண்டது இதுவே.

அதன் பின்விளைவு பிளக்கின் விலையோடு நிற்பதில்லை. நான்கு சிலிண்டரில் ஒன்று எரியாமல் போனால், 2,000 சுழற்சியில் நிமிடத்திற்கு 1,000 தடவை எரியாத பெட்ரோல் கலவை வெளியேறுகிறது. அது புகைக்குழாயிலுள்ள காட்டலிட்டிக் கன்வெர்ட்டரில் சென்று எரிகிறது. உள்ளேயுள்ள பீங்கான் தேனடை உருகி அடைபடவும் கூடும். எஞ்சின் விளக்கு விட்டுவிட்டு எரிவது இந்த ஆபத்தை அறிவிப்பதற்கே. அவ்வேளையில் வேகத்தைக் குறைத்து, பாதுகாப்பான இடத்தில் கூடிய விரைவில் நிறுத்த வேண்டும். இது தெரியாமல் நான் பதினைந்து கிலோமீட்டருக்குக் குறையாது ஓட்டினேன். சாதாரணப் பிளக் ஒன்றின் விலை நூறு, இருநூறு ரூபாய். கன்வெர்ட்டரின் விலையோ பல ஆயிரம். மூன்று சிலிண்டர் உள்ள சிறு கார்களில் ஒரு பிளக் போனால் வலுவில் மூன்றில் ஒரு பங்கு போயிற்று. பொன்முடிக்கு ஏறும் இருபத்திரண்டு கொண்டையூசி வளைவுகளில், பின்னால் பேருந்து வருகையில், அவ்வாறு நேர்ந்தால் ஆபத்து பணத்தோடு முடியாது.

ஆகவே எனது கருத்து இது: அறிகுறி தோன்றும்வரை காத்திருப்பது சிக்கனமன்று. காருடன் தரப்படும் கைநூலில் குறித்த கிலோமீட்டர், குறித்த காலம் என்னும் இரண்டில் எது முன்னர் வருகிறதோ அப்போது மாற்றிவிட வேண்டும். நிக்கல் முனையுள்ள சாதாரணப் பிளக்குகளுக்குப் பொதுவாக 20,000 முதல் 40,000 கிலோமீட்டர் வரையும், பிளாட்டினம் அல்லது இரிடியம் முனை கொண்டவற்றுக்கு 80,000, ஒரு லட்சம் என்றும் குறிப்பர். ஏன் இந்த வேற்றுமை என்றால், நிக்கல் 1,455 டிகிரி சென்டிகிரேடில் உருகும்; பிளாட்டினம் 1,768-இல் உருகும்; இரிடியத்திற்கு 2,400 டிகிரிக்கு மேல் வேண்டும். கடினமான உலோகத்தை ஊசிபோல் மெல்லியதாக்கி வைத்தாலும் அது எளிதில் தேயாது.

காலக்கணக்கைப் பலர் அலட்சியம் செய்கின்றனர். ஓய்வுபெற்ற ஆசிரியர் ஒருவர் பட்டத்திலிருந்து சாலைக் கடைத்தெருவுக்கும் கோயிலுக்குமாக ஆண்டுக்கு நாலாயிரம் கிலோமீட்டர் ஓட்டுகிறார் என்க. நாற்பதாயிரம் ஆவதற்குப் பத்து ஆண்டுகள் செல்லும். பிளக்கின் முனை ஏறத்தாழ 450 டிகிரிக்கு மேல் சூடேறினால்தான் தன்மேல் படிந்த கரியைத் தானே எரித்துக்கொள்ளும். இரண்டு கிலோமீட்டர்ப் பயணத்தில் அந்தச் சூடு ஏறுவதற்குள் வீடு வந்துவிடுகிறது, கரி தங்கிவிடுகிறது. அத்துடன் கடற்காற்றின் உப்பும் இரு பருவமழைகளின் ஈரமும் சேர்ந்து இரும்புக் கூட்டைத் துருப்பிடிக்கச் செய்கின்றன. அலுமினியத் தலையில் பல ஆண்டு இறுகிக் கிடந்த பிளக்கைக் கழற்றுகையில் திருகுமறையே பெயர்ந்து வந்துவிடுவதுண்டு. அப்புறம் பிளக் மாற்றும் வேலை எஞ்சின் தலையைக் கழற்றும் வேலையாக வளர்ந்துவிடும்.

இதற்கு நேர்மாறான தவறும் உண்டு. எந்த நோய்க்கும் பிளக்கை மாற்றச் சொல்லும் வைத்தியர்கள் சிலர் இருக்கின்றனர். அண்மைக் காலத்தில் 20 சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் பரவியது முதல், மைலேஜ் குறைந்துவிட்டது, பிளக்கை மாற்றுங்கள் என்ற பேச்சைக் கேட்கிறோம். லிட்டருக்கு லிட்டர் ஒப்பிட்டால் எத்தனாலில் பெட்ரோலைவிட ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு சக்தி குறைவு. ஆகவே ஐந்தில் ஒரு பங்கு எத்தனால் கலந்தால் மொத்தத்தில் சுமார் ஆறு, ஏழு சதவீதம் சக்தி குறையும். இரிடியமே ஆயினும் எந்தப் பிளக்கும் பெட்ரோலில் இல்லாத சக்தியை வரவழைக்காது. நல்ல நிலையிலுள்ள பிளக்கை ஐயாயிரம் கிலோமீட்டருக்கு ஒருமுறை எறிவது வீண் செலவேயாகும்.

மாற்றும்போது எந்தப் பிளக் என்பதிலும் கவனம் வேண்டும். நீளமும் மறையும் பொருந்தினால் போதாது. வெப்பத்தை எவ்வளவு விரைவில் எஞ்சின் தலைக்குக் கடத்துகிறது என்பதைக் காட்டும் வெப்ப எண் ஒன்று அதன் குறியீட்டில் அடங்கியிருக்கும். மிகச் சூடாகும் பிளக்கைப் போட்டால், முனை 850 டிகிரியைத் தாண்டிப் பொறிக்கு முன்னரே கலவையைப் பற்றவைத்து எஞ்சினைக் கெடுக்கும். மிகக் குளிர்ந்ததைப் போட்டால் கரி பிடிக்கும். இதில் ஒரு விபரீதம்: என்.ஜி.கே., டென்ஸோ ஆகியவற்றின் குறியீட்டில் எண் உயர உயரப் பிளக் குளிர்ந்தது. பாஷ், சாம்பியன் ஆகியவற்றின் குறியீட்டிலோ எண் உயர உயரச் சூடானது. நம் நாட்டில் மைக்கோ பிளக் என்று தலைமுறை தலைமுறையாகக் கேட்டு வாங்கியது பாஷ் முறையைச் சேர்ந்ததே; 1951-இல் தோன்றிய மைக்கோ நிறுவனம் 2008-இல் பாஷ் லிமிடெட் என்று பெயர் மாறிற்று. ஆகவே எண் ஒன்றாயிருக்கிறதே என்று ஒரு கம்பெனியின் பிளக்குக்கு மற்றொன்றை மாற்றுவது கூடாது. கைநூலில் உள்ள குறியீட்டை எழுதிக்கொண்டு கடைக்குச் செல்வதே தக்கது.

கைநூல் என்றதும் என் தொழில் நினைவு வருகிறது. என் காரின் கைநூல் ஆங்கிலத்தில் மட்டுமே இருக்கிறது. நானூறுக்கும் மேற்பட்ட பக்கங்கள். பாட்டுப் பெட்டியை இயக்குவதற்கே நாற்பது பக்கங்கள். பிளக் எப்போது மாற்றுவது என்பது ஓர் அட்டவணையின் மூலையில் ஒரே கட்டத்தில் கிடக்கிறது. அந்த ஒரு கட்டத்தைத் தமிழிலும் மலையாளத்திலும் அச்சிட்டுப் பானட்டின் உட்புறத்தில் ஒட்டித் தருவதற்கு எவ்வளவு செலவாகும்? டயரின் காற்றழுத்தத்தைக் கதவோரத்தில் ஒட்டித் தரும் தொழிற்சாலைகள் இதனையும் செய்யலாம். செய்யும்படி கேட்கும் உரிமை வாங்குவோர்க்கு உண்டு.

ஊர்ஊராகச் செல்லும் களப்பணியாளர்களில் தம் வண்டியின் பிளக்கைத் தாமே மாற்ற விரும்புவோர் சிலவற்றை மறத்தலாகாது. எஞ்சின் முற்றும் ஆறியிருக்க வேண்டும். கழற்றுமுன் குழியிலுள்ள மணலையும் தூசியையும் காற்றால் ஊதி அகற்ற வேண்டும். புதிய பிளக்கை முதலில் கையாலேயே திருக வேண்டும். முரண்டினால் நிறுத்திவிட்டு மீண்டும் தொடங்க வேண்டும். வாஷர் வைத்த வழக்கமான பதினான்கு மில்லிமீட்டர்ப் பிளக்காயின், வாஷர் தொட்டபின் அரைச் சுற்றுக்குச் சற்று அதிகமாக முடுக்கினால் போதும். டார்க் ரெஞ்ச் இருப்பின் கைநூலின் அளவையே கொள்க. இரிடியத்தின் மெல்லிய முனையைக் கம்பித் தூரிகையால் தேய்ப்பதோ, ஃபீலர் கேஜை நெம்பிச் செருகுவதோ கூடாது. பழைய ஓட்டுநர்கள் திருப்புளியை வைத்துப் பொறி பார்ப்பார்கள். இன்றைய காயில்களிடம் அந்த விளையாட்டு வேண்டாம். கைக்கும் ஆகாது, காரின் மின்னணுக் கருவிகளுக்கும் ஆகாது.

கழற்றிய பிளக்கைக் குப்பையில் எறியுமுன் பாருங்கள். வெளிறிய பழுப்பு அல்லது சாம்பல் நிறம் நலத்தைக் காட்டும். உலர்ந்த கருமை, பெட்ரோல் மிகுதியையோ குறும்பயணத்தையோ குறிக்கும். எண்ணெய்க் கசிவோடு கறுத்திருந்தால் பிஸ்டன் வளையமோ வால்வுப் பகுதியோ தேய்ந்திருக்கலாம். அதற்குப் பிளக் மருந்தாகாது. வெண்மையாகிக் கொப்புளம் கண்டிருப்பின் மிகைச்சூடு. ஒரே சிலிண்டரில் மட்டும் வேறுபாடு தெரிந்தால் அந்தச் சிலிண்டரைச் சோதிக்கச் சொல்ல வேண்டும். ஆதலால், மாற்றுபவர் யாராயினும் பழைய பிளக்குகளை, எது எந்தச் சிலிண்டருடையது என்று குறித்துத் திரும்பத் தரும்படி கேட்பது சந்தேகத்தினால் அன்று. அவை நம் எஞ்சினின் நோய்க்குறிப்பேடு என்பதனால்.

அன்று முதியவர் புதுப் பிளக்குகளைப் பூட்டி முடிக்க அரைமணி நேரம் ஆயிற்று. திருமணத்தில் முகூர்த்தம் முடிந்து பந்தியில்தான் அமர்ந்தோம். தாயார் அதைப் பற்றி வழிநெடுகப் பேசினார்கள். கார் நடுங்கவில்லை. பிளக் மாற்றிய தேதியையும் அன்றைய கிலோமீட்டர் எண்ணையும் இப்பொழுது ஒரு சிறு அட்டையில் எழுதிக் காப்பீட்டுத் தாள்களோடு வைத்திருக்கிறேன். பழைய பிளக்குகளில் மூன்றை அடுத்த தெருவிலுள்ள பௌதிக ஆசிரியர் வகுப்பில் காட்டுவதற்காக வாங்கிச் சென்றார். விரிசல் கண்ட மூன்றாம் எண் பிளக்கை மட்டும் நான் கொடுக்கவில்லை. அது என் மேஜையின் மேல், அந்தப் பழைய பில்லின் மேல் இருக்கிறது.